"பிஎஃப்ஏ படிச்சா சோறு கிடைக்குமா?" – 2012-ல நான் போட்ட தப்புக் கணக்கு



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு படிப்பைப் பத்திப் பேசப் போறேன். நாலு வருஷ நுண்கலைப் பட்டப்படிப்பு, பிஎஃப்ஏ.

நிதி பிளாக்ல இது எதுக்குன்னு கேக்கலாம். நம்ம வாசகர்கள்ல நிறைய பேருக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு. வீட்டுல முதல் மாசச் சம்பளக்காரர் நீங்கதான். தம்பியோ தங்கச்சியோ பிளஸ் டூ முடிச்சதும், "இது எடுத்தா வேலை கிடைக்குமா, நீயே பாத்துச் சொல்லுப்பா"ன்னு அப்பா அம்மா உங்ககிட்டதான் கேப்பாங்க. ஃபீஸ்ல பாதியும் உங்க கணக்குல இருந்துதான் போகும். அதனால இது உங்க பட்ஜெட் விஷயம்தான்.

என்கிட்டயும் 2012-ல கேட்டாங்க. நான் தப்பாச் சொன்னேன்.

திண்டிவனத்துல ஒரு விண்ணப்பப் படிவம்

எங்க வீடு திண்டிவனம். அப்பா அரிசி மண்டியில கணக்கு எழுதிட்டிருந்தார். நான் விழுப்புரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப். தினமும் பாசஞ்சர் ரயில்ல போய்வருவேன். தம்பி அந்த வருஷம் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் விட்டா நேரா பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு எழுதுற அண்ணன் ஒருத்தர்கிட்டப் போயிடுவான். டீக்கடை போர்டு, கல்யாண வளைவு, கட்சிச் சுவர் எழுத்துன்னு எல்லாத்துலயும் அவன் கை இருக்கும். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே படுத்துக்கிட்டிருந்த நேரம் அது.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில ஓவியம் படிக்கணும்னு அவனுக்கு ஆசை. எழும்பூர்ல இறங்கினா பக்கத்துலதான் இருக்குன்னு அவனே தனியா ரயிலேறிப் போய் விண்ணப்பம் வாங்கிட்டு வந்தான். அப்பா என்னைப் பாத்தார். நான்தான் வீட்டுல கணக்குத் தெரிஞ்சவன்.

ஒரு பழைய பிரிண்ட் அவுட்டோட பின்பக்கத்துல கோடு போட்டு ரெண்டு பத்தி எழுதினேன். இடது பக்கம் இன்ஜினியரிங், வலது பக்கம் ஓவியம். இடது பக்கத்துல முதல் சம்பளம்னு, ஒரு தனியார் கல்லூரி விளம்பரத் தாள்ல போட்டிருந்த மிக உயர்ந்த தொகையை எடுத்து எழுதினேன். வலது பக்கம் பூஜ்யம்னு எழுதினேன். அப்பாவும் ஒத்துக்கிட்டார். தம்பி மெக்கானிக்கல் சேர்ந்தான்.

வருஷத்துக்கு 75,000 வீதம் நாலு வருஷத்துக்கு 3 லட்சம் கல்விக் கடன், வட்டி 12.5%. படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்ல. ஆனா வட்டி ஏறிக்கிட்டே இருந்தது. 2017-ல தவணை தொடங்கும்போது பாக்கி 4.31 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 9,700 ரூபாய். அரியர் எல்லாம் முடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில ட்ரெய்னியா சேர்ந்தப்போ தம்பியோட சம்பளம் 9,500.

அவன் சம்பளத்தை விட இஎம்ஐ 200 ரூபாய் அதிகம். பெரும்பகுதி நான்தான் கட்டினேன். மொத்தம் கட்டி முடிச்சது கிட்டத்தட்ட 5.8 லட்சம்.

தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வீடு மாத்தும்போது அப்பாவோட டிரங்குப் பெட்டியில பழைய ரசீதுகளுக்கு நடுவுல அந்த விண்ணப்பம் கிடைச்சது. பேரு, பிறந்த தேதி எல்லாம் அழகா எழுதி, போட்டோவும் ஒட்டியிருந்தான். அப்பாவோட கையெழுத்துக் கட்டம் மட்டும் காலியா இருந்தது.

தப்பு எங்க நடந்தது?

ஓவியம் படிச்சிருந்தா அவன் பெரிய ஆளா ஆகியிருப்பான்னு நான் சொல்ல வரல. அது யாருக்கும் தெரியாது. என் தப்பு கணக்கு போட்ட விதத்துல இருக்கு. ஒரு படிப்போட மிக நல்ல முடிவை எடுத்து, இன்னொரு படிப்போட மிக மோசமான முடிவு பக்கத்துல வச்சு ஒப்பிட்டேன். ஒரு பங்கோட உச்ச விலையையும் இன்னொண்ணோட அடிமட்ட விலையையும் காட்டி யாராவது உங்ககிட்ட வித்தா நீங்க சும்மா விடுவீங்களா? படிப்பு விஷயத்துல நாம எல்லாரும் அதைத்தான் பண்றோம்.

இதே தப்பை எதிர்ப் பக்கம் பண்றவங்களும் இருக்காங்க. "நடிகர் சிவகுமார் அந்தக் காலேஜ்ல ஓவியம் படிச்சவர்தான், இயக்குநர் பா. ரஞ்சித்தும் அங்க படிச்சவர்தான்"னு சொல்லுவாங்க. ரெண்டும் உண்மை. ஆனா அவங்க பேரைச் சொல்லி உங்க தங்கச்சியைச் சேர்த்துவிடாதீங்க. அதுவும் விளம்பரத் தாள் கணக்குதான்.

சரி, சரியான கணக்கு எப்படி? என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: படிப்போட பேரு ஆபத்து கிடையாது. அதுக்கு நீங்க கொடுக்கிற விலையும், கடன் வாங்கிக் கொடுக்கிறதும்தான் ஆபத்து.

ஒரே பட்டம், ரெண்டு விலை

இந்த வருஷம் விழுப்புரத்துல இருக்கிற எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ. அவளுக்கும் பிஎஃப்ஏதான் வேணுமாம். அக்கா போன் பண்ணி, "நீதான்டா கணக்குப் பாத்துச் சொல்லணும்"னு சொன்னா. அன்னைக்கு ராத்திரியே தம்பியும் பேசினான். "அண்ணா, இந்தத் தடவை கணக்கை எனக்கும் காமிச்சிட்டுச் சொல்லு" – அவ்வளவுதான் சொன்னான்.

ரெண்டு பேருக்கும் காட்டின கணக்கு இதுதான். தொகை எல்லாம் எங்க குடும்பத்துக்கு நான் வச்ச மதிப்பீடு. உங்க ஊருக்கு, உங்க கல்லூரிக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

வழி 1: சென்னையில அரசுக் கல்லூரி

* தங்க, சாப்பிட, பெயின்ட், கேன்வாஸ், களிமண், ஊருக்கு வந்து போக: மாசம் 9,000 × 48 = 4,32,000
* கட்டணம், தேர்வு, கல்விச் சுற்றுலா, கண்காட்சிச் செலவு: நாலு வருஷத்துக்கும் சேர்த்து 60,000
* புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வந்தா கழிக்க வேண்டியது: 48,000
* நிகரச் செலவு: 4,44,000. மாசக் கணக்குல 9,250. கடன் பூஜ்யம்.

6-ஆம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022-ல இருந்து புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல இருந்து தமிழ்ப் புதல்வன். ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபாய். கலைப் படிப்புக்கெல்லாம் கிடைக்காதுன்னு நினைச்சு விட்டுடாதீங்க, பட்டப்படிப்புக்கு உண்டு.

வழி 2: தனியார் டிசைன் கல்லூரி, கடன்ல

* ஃபீஸ் வருஷம் 2 லட்சம், நாலு வருஷம் = 8 லட்சம்
* 10% வட்டியில, தவணை தொடங்கும்போது பாக்கி = 10.8 லட்சம்
* ஏழு வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 17,900. மொத்தம் கட்டுறது சுமார் 15 லட்சம். தங்குற செலவு தனி.

பட்டம் ஒண்ணுதான். முதல் வழியில படிச்சவ 15,000 சம்பளத்துக்கு ஒரு நல்ல ஸ்டுடியோவுல சேர்ந்து தொழில் கத்துக்க முடியும். ரெண்டாவது வழியில படிச்சவளுக்கு அந்தச் சம்பளம் இஎம்ஐக்கே பத்தாது. பிடிக்காத வேலையா இருந்தாலும் பணம் வர்ற இடத்துக்கு ஓடணும். கலை படிக்கிறவங்களுக்குக் கடன் முதல்ல எடுத்துக்கிறது அந்தக் கத்துக்கிற காலத்தைத்தான்.

வழி 2-ல டிசைன்னு இருக்கிற இடத்துல இன்ஜினியரிங்னு போட்டுப் பாருங்க. கணக்கு மாறாது. நான் 2012-ல பாக்காம விட்டது இதைத்தான்.

"சரி, படிச்சிட்டு என்ன வேலை?"

நியாயமான கேள்வி. சென்னை அரசுக் கல்லூரியில ஓவியம், சிற்பம் மட்டும் இல்ல. காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் கலை, பதிப்போவியம்னு தனித்தனிப் பிரிவு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சந்தை வேற.

காட்சி வடிவமைப்பு படிச்சா விளம்பரம், ஆப் வடிவமைப்பு, கேம், அனிமேஷன். துணி வடிவமைப்புக்குத் திருப்பூர், கரூர், காஞ்சிபுரம். சுடுமண் கலைக்கு நம்ம பக்கத்து ஊர் விருத்தாசலமே பீங்கான் தொழிலுக்குப் பேர் போனது. சிற்பம் படிச்சவங்களுக்கு சினிமா செட், மியூசியம், சிலை வேலை. விழுப்புரம் பக்கம் அய்யன்கோவில்பட்டுல விநாயகர் சதுர்த்திக்குக் காகிதக் கூழ்ல பிள்ளையார் செய்யறாங்களே, அந்தத் தொழில்ல நல்ல அச்சு செய்யத் தெரிஞ்சவங்களுக்கு எப்பவும் மதிப்பு உண்டு.

இன்னொண்ணு தெரியுமா? அந்தக் கல்லூரி 1850-ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் தொடங்கினது. ஆரம்ப நாட்கள்லயே அங்க தொழிற்கலைக்குன்னு தனிப் பிரிவு இருந்தது. கைத்தொழிலும் ஓவியமும் ஒரே கூரைக்குக் கீழதான் வளர்ந்தது. "பொழுதுபோக்குப் படிப்பு"ங்கிறது பின்னாடி நாம வச்ச பேரு.

மோசமான பக்கத்தையும் சொல்லணும். "ஓவிய ஆசிரியர் ஆயிடலாம்"னு நம்பிப் படிக்க வைக்காதீங்க. 2012-ல அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குன்னு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. அப்போ மாசம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷக்கணக்கா போராடிட்டிருந்தாங்க. அரசு வேலையை எதிர்பார்ப்புல வைங்க, பட்ஜெட்ல வைக்காதீங்க.

ஏஐ படம் வரையுதேன்னு கேப்பீங்க. ஃப்ளெக்ஸ் வந்தப்போ எங்க ஊர்ல போர்டு எழுதினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் கண்ணால பாத்தேன். சொன்னதை மட்டும் எழுதிக் கொடுத்தவங்க தொழிலை விட்டாங்க. எழுத்து வடிவம், இடம், நிறம் தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேர் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு அதே ஃப்ளெக்ஸ் கடையில டிசைனரா உக்காந்தாங்க. ஏஐ-யும் அப்படித்தான் பிரிக்கும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்னுதான் சொல்றேன், உத்தரவாதம் இல்ல. அதனாலதான் விலை குறைவா இருக்கணும்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

சோழமண்டலம் சொல்லிக் கொடுத்த நிதிப் பாடம்

இசிஆர்ல ஈஞ்சம்பாக்கம் தாண்டும்போது சோழமண்டலம் ஓவியர் கிராமம்னு ஒரு பலகை பாத்திருப்பீங்க. அதை நான் ஓவியத்துக்காக மட்டும் பாக்கறதில்ல, பணத் திட்டமாவும் பாக்கறேன்.

1960-கள்ல சென்னை கலைக் கல்லூரி முதல்வரா இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படிச்சு முடிக்கிற பசங்க நல்லா வரையறாங்க, ஆனா ஓவியம் விக்கல. வயித்துப்பாட்டுக்காக வரையறதையே விட்டுடறாங்க. இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எளிமையானது. ஓவியத்தை நம்பிச் சோறு சாப்பிட வேண்டாம். பத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு விப்போம். அதுல சோறு, மிச்ச நேரத்துல ஓவியம். சங்கமா சேர்ந்து வித்த பணத்துல நிலம் வாங்கி, 1966-ல அந்தக் கிராமத்தைத் தொடங்கினாங்க. அன்னைக்கு அது வெறும் கடற்கரை மணல். இன்னைக்கு இசிஆர் நிலத்தோட மதிப்பு உங்களுக்கே தெரியும்.

மாச வருமானத்துக்கு ஒரு கைத்தொழில், கூட்டாச் சேமிப்பு, கடன் இல்லாத சொத்து. நான் வீடியோவுல தொண்டை கிழியச் சொல்றதும் இதே மூணுதான்!

படிப்பு நாலு வருஷம், பட்ஜெட் ஆறு வருஷம்

எல்லாரும் விட்டுடற செலவு ஒண்ணு இருக்கு. படிச்சு முடிச்ச முதல் ரெண்டு வருஷம். வருமானம் சீரா வராது. ஒரு மாசம் 25,000 வரும், அடுத்த மாசம் ஒண்ணும் வராது. பாதிப் பேர் தொழிலை விடறது அப்போதான்.

இதுக்கு "நிலைநிக்கிற நிதி"ன்னு ஒண்ணு தனியா சேருங்க. மாசம் 10,000 வீதம் ரெண்டு வருஷத்துக்கு 2.4 லட்சம் போதும். அவங்க கல்லூரியில சேர்ற மாசமே நீங்க 4,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி தொடங்குங்க. 6.5% வட்டின்னு வச்சா 48 மாசத்துல சுமார் 2.45 லட்சம் ஆகும். இதைப் பங்குச் சந்தையில போடாதீங்க. தேதி தெரிஞ்ச செலவுக்கு சந்தை சரிப்படாது.

வரி விஷயம் – அண்ணன் அக்காக்கள் கவனிக்க

1. தம்பி, தங்கச்சி ஃபீஸை நீங்க கட்டினா உங்களுக்கு 80சி கழிவு கிடையாது. அது சொந்தப் பிள்ளைங்க ஃபீஸுக்கு மட்டும்தான்.
2. கல்விக் கடன் வட்டிக்கான 80இ-யும் அப்படித்தான். தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைங்களுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்கு மட்டும். உடன்பிறப்புக்காக உங்க பேர்ல கடன் எடுத்தா கழிவும் வராது, உங்க சிபில்லயும் அந்தக் கடன் ஏறும். எடுத்தே ஆகணும்னா படிக்கிறவர் பேர்ல, அப்பா அம்மா கூட்டுக் கடனாளியா எடுக்கட்டும்.
3. இந்தக் கழிவெல்லாம் பழைய வரி முறையிலதான். புதிய முறையில இல்ல. 2025 வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்களும் மாறியிருக்கு, பழைய எண்ணை வச்சுக் குழம்பாதீங்க.
4. நல்ல செய்தி: நீங்க தம்பி தங்கச்சிக்கு அனுப்புற பணம் அவங்க கையில வரிக்குரிய வருமானம் இல்ல. மாமா அக்கா பொண்ணுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். தைரியமா பேங்க் வழியாவே அனுப்புங்க.
5. ஃப்ரீலான்ஸ் பண்ணா கம்பெனிக்காரங்க பல சமயம் டிடிஎஸ் பிடிச்சிட்டுத்தான் தருவாங்க. ரிட்டர்ன் போட்டா அந்தப் பணம் பெரும்பாலும் திரும்ப வரும். கலைத் துறைப் பசங்க நிறைய பேர் ரிட்டர்னே போடாம விட்டுடறாங்க. அது அவங்களோட சொந்தக் காசு!

எப்போ வேண்டாம்னு சொல்லுவேன்?

வீட்டுல கந்து வட்டியோ நகைக் கடனோ ஓடிட்டிருந்தா, மருத்துவக் காப்பீடு கூட இல்லன்னா, முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அரசு இடம் கிடைக்காம 8 லட்சம், 10 லட்சம் கடன்ல தனியார் கல்லூரி மட்டும்தான் வழின்னா, ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி நுழைவுத் தேர்வு எழுதச் சொல்லுவேன். புதுச்சேரி அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம் நமக்குப் பக்கம்தான். ஆனா அது தனி யூனியன் பிரதேசம், சேர்க்கை விதியை முதல்ல பாருங்க.

கடைசியா ஒரு சோதனை. மூணு மாசம், தினம் ஒரு பக்கம் வரையச் சொல்லுங்க. நல்லா இருக்கான்னு பாக்க வேண்டாம், அது நமக்குத் தெரியாது. நோட்டு நிரம்புதான்னு மட்டும் பாருங்க.

எங்க வீட்டுல என்ன ஆச்சு?

அக்கா பொண்ணோட நோட்டு ரெண்டு மாசத்துலயே நிரம்பிடுச்சு. மாசம் 9,250-ல அக்கா வீட்டுல 5,000, நான் 2,750. மிச்சம் 1,500-ஐ நான் பேசறதுக்கு முன்னாடியே தம்பி எடுத்துக்கிட்டான். ஆர்டி என் பேர்ல. யாரு எவ்வளவு, எத்தனை மாசம்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். பின்னாடி "நான்தான் படிக்க வச்சேன்"னு யாரும் யாரையும் சொல்லிக் காட்டக்கூடாதுல்ல, அதுக்கு.

இப்போ ஞாயிறு தோறும் தம்பி ரயிலேறி விழுப்புரம் போறான், அவளுக்கு நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுக்க. போன வாரம் ரெண்டு பேரும் பனமலைக் கோயிலுக்குப் போயிருக்காங்க. அங்க பல்லவர் காலத்துச் சுவரோவியம் ஒண்ணு இன்னும் மிச்சம் இருக்கு. ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு. வரைஞ்சவர் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா யாரோ ஒருத்தர் அவருக்குச் சோறு போட்டுத்தான் வரைய வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல ராஜா பண்ணார். இப்போ உங்க வீட்டுல அந்த இடத்துல சம்பளம் வாங்குற நீங்க இருக்கீங்க.

இடம் கிடைக்குமான்னு தெரியாது. கிடைக்கலன்னா அடுத்த வருஷமும் எழுதுவா. விண்ணப்பத்துல அப்பா கையெழுத்துக் கட்டத்தை மட்டும் முதல்லயே நிரப்பச் சொல்லிட்டேன்.

இந்த எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன். உங்க வீட்டுல இந்தப் பேச்சு ஓடிட்டிருந்தா, முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பத்தியிலயும் ஒரே மாதிரி எண்ணைத்தான் எழுதியிருக்கீங்களான்னு ஒரு தடவை பாருங்க. அப்புறம் படிக்கப் போற பிள்ளைகிட்டயும் அந்தத் தாளைக் காட்டுங்க.

சேமிப்போம், சிந்திச்சுச் செலவு பண்ணுவோம்.